பெட்டியில் அடைத்த இன்சுலேஷன் டேப்புக்கு ஃப்ரெய்ட் கிளாஸ் கண்டறிவது எப்படி?

அமெரிக்காவில் முழு லாரியை அமர்த்தாமல், பிறருடைய சரக்கோடு சேர்த்து ஒன்றிரண்டு பேலட்டுகளை (பெட்டிகள் அடுக்கிய மரப்பலகைகளை) மட்டும் அனுப்பும் முறைக்கு எல்.டி.எல். என்று பெயர். இதில் எடை, தூரம் ஆகியவற்றோடு ஃப்ரெய்ட் கிளாஸ் எனப்படும் சரக்கு வகுப்பும் சேர்ந்தே வாடகையைத் தீர்மானிக்கிறது. 50 முதல் 500 வரை 18 வகுப்புகள் இருக்கின்றன. எண் ஏற ஏற வாடகையும் ஏறும். அடர்த்தி, கையாளும் சிரமம், பிற சரக்கோடு அடுக்க முடிவது, சேதம் அல்லது திருட்டு நேர்ந்தால் வரும் பொறுப்பு ஆகிய நான்கையும் வைத்தே வகுப்பு அமைகிறது. டேப் உடையாது, கசியாது, எளிதாக அடுக்கலாம் என்பதால் நம் கவனம் பெரும்பாலும் அடர்த்தியில்தான் இருக்க வேண்டும்.

முதலில் சரக்கின் பெயரைச் சரியாகத் தீர்மானியுங்கள். பலரும் ‘எலெக்ட்ரிகல் பொருட்கள்’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள், அது தவறு. நாம் அனுப்புவது மின்கருவி அன்று, பிவிசியால் ஆன ஒட்டும் டேப். அந்தப் பெயரிலேயே, அமெரிக்க லாரி சரக்குப் போக்குவரத்துச் சங்கமான என்.எம்.எஃப்.டி.ஏ. நடத்தும் ‘கிளாஸ்ஐடி பிளஸ்’ (ClassIT+) தளத்தில் தேடி, உரிய என்.எம்.எஃப்.சி. எண்ணை, அதாவது அந்தச் சங்கத்தின் சரக்கு வகைப்பாட்டுப் பட்டியலில் உள்ள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் இந்தப் பட்டியல் பெருமளவு மாற்றப்பட்டு, பல பொருட்கள் அடர்த்தி அளவுகோலுக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே பழைய பில்லைப் பார்த்து எண்ணை நகலெடுப்பது ஆபத்து. டின்னில் வரும் திரவ டேப்பை இதோடு சேர்க்கவே வேண்டாம். அது தீப்பற்றக்கூடியது, அதற்கான விதிகள் வேறு.

கிடைத்த எண்ணுக்கு நேராக ஒரே வகுப்பு குறிப்பிடப்பட்டிருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. அடர்த்தியைப் பொறுத்தது என்றிருந்தால், பேலட்டை அடுக்கிச் சுற்றுத்தாள் சுற்றிய பிறகே அளக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில், வெளியே துருத்தி நிற்கும் விளிம்பு வரை, மரப்பலகையையும் சேர்த்து அளந்து பெருக்கி, 1,728 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். பலகையோடு சேர்ந்த மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து அந்தக் கன அடியால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: 16 × 10 × 8 அங்குலப் பெட்டி ஒவ்வொன்றும் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 48 × 40 அங்குலப் பலகையில் ஓர் அடுக்குக்கு 12 பெட்டிகள் இடைவெளியின்றி அமரும். நான்கு அடுக்கில் 48 பெட்டிகள். பலகையின் உயரம் 6 அங்குலம் என்றால் மொத்த உயரம் 38 அங்குலம். பலகையின் எடை 40 பவுண்டு என்றால் மொத்த எடை 1,000 பவுண்டு. கன அளவு 42.22 கன அடி, அடர்த்தி கன அடிக்குச் சுமார் 23.7 பவுண்டு. இப்போதைய அளவுகோலில் 22.5 முதல் 30க்குள் இருப்பது வகுப்பு 65. 15 முதல் 22.5க்குள் என்றால் 70. 30 முதல் 35க்குள் என்றால் 60.

இனி, மிஞ்சிப்போன ஒரே ஒரு பெட்டியை உச்சியில் வைத்துப் பாருங்கள். எடை 1,020 பவுண்டுதான். ஆனால் உயரம் 46 அங்குலமாகிவிடுகிறது. அந்தப் பெட்டியைச் சுற்றியுள்ள வெற்றிடமும் உங்கள் கணக்கில்தான் சேரும் என்பதால், கன அளவு 51.11 ஆக உயர்ந்து, அடர்த்தி 20க்கு இறங்கி, சரக்கு முழுவதும் வகுப்பு 70க்குப் போய்விடுகிறது. அந்த 49ஆவது பெட்டியைத் தனிப் பார்சலாக அனுப்பினால் என்ன செலவாகும் என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுப்பது என் வழக்கம்.

கடைசியாக, பில் ஆஃப் லேடிங் எனப்படும், லாரி நிறுவனத்திடம் கொடுக்கும் சரக்குச் சீட்டில் சரக்கின் பெயர், என்.எம்.எஃப்.சி. எண், அதன் துணை எண், வகுப்பு, எடை, மூன்று அளவுகள், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். லாரி நிறுவனங்கள் தம் கிடங்கில் மறுபடி எடைபோட்டு அளந்து பார்ப்பதுண்டு. கணக்கு வேறுபட்டால் வகுப்பை மாற்றி, கூடுதல் கட்டணத்தோடு பில்லை அனுப்பிவிடுவார்கள். அப்போது காட்டுவதற்கு, அளவு நாடாவைப் பேலட்டின் மேல் பிடித்தபடி எடுத்த படமும் எடைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.