ஷட்டில் கோர்ட்டுக்குள் ஃபோம் விமானம்: மேசையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஆடிக் காற்றில் நூறு கிராம் விமானத்தை மைதானத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. அதனால், ரிமோட் விமானம் வைத்திருக்கும் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு இன்டோர் ஷட்டில் கோர்ட்டை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது ரொம்ப நல்ல யோசனை. ஆடுபவர்கள் காலையிலும் மாலையிலும்தான் அதிகம் வருவார்கள், மத்தியானத்தில் சுலபமாக இடம் கிடைக்கும். ஃபோம் விமானம் ஒன்று முகத்துக்கு நேராக, நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சமே கூடுதலாக மிதந்து போவதைக் கிட்ட நின்று பார்க்கிற சந்தோஷம் வெளி மைதானத்தில் கிடைக்காது.

ஆனால் பலருடைய முதல் நாள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இடம் போதவில்லை, சுவர் சீக்கிரம் வந்துவிட்டது என்கிறார்கள். இடம் பெரும்பாலும் போதுமானதுதான். விமானம்தான் அந்த இடத்துக்கு மீறிய வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்துக்குக் காரணம் எடை, அந்த எடை வீட்டு மேசையில் விமானத்தை வெட்டி ஒட்டும்போதே ஏறிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஷட்டில் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், அது போடும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 3.3 மீட்டர். கோர்ட்டின் அகலத்துக்குள் தாராளமாகத் திரும்பிவிடும். அதே சாய்வில் 8 மீட்டர் வேகம் என்றால் குறுக்களவு 13 மீட்டர். இரண்டு கோர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் போதாது. ஒரே இறக்கையில் எடையை இரண்டு மடங்காக்கினால், மிதக்கத் தேவையான வேகம் சுமார் 1.4 மடங்காகிறது. திரும்பும் வட்டம் இரண்டு மடங்காகிறது. சுவரில் மோதும்போது தாக்கும் ஆற்றலோ நான்கு மடங்கு. மற்ற எல்லா ஆலோசனையும் இதற்குப் பிறகுதான்.

எடை முதலில் ஏறும் இடம் தகடு. வெளிநாட்டுப் பிளான்களில் 3 மி.மீ. டெப்ரான் (மெல்லிய, லேசான ஃபோம் தகடு) என்று போட்டிருக்கும். அது இங்கே சுலபமாகக் கிடைக்காது என்பதால், ஸ்டேஷனரி கடையில் 3 மி.மீ. சன் போர்டு வாங்கி அதே பிளானை வெட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் வெள்ளைத் தகடுதான். ஆனால் டெப்ரான் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 முதல் 120 கிராம். சன் போர்டு என்பது பிவிசி, அதே அளவுக்குப் பத்து மடங்குக்கும் மேல் கனம். அது பெயர்ப் பலகைக்கான பொருள், அரங்கத்துக்குள் பறக்கும் விமானத்துக்கு ஆகாது. காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டுதான் கிடைக்கிறது என்றால், அந்தக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து உரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வளையாமல் இருக்க இறக்கையில் ஒரு மெல்லிய கார்பன் குச்சி போதும். புதிதாகப் பழகுபவருக்கு நான் முதலில் சொல்வது இபிபி (EPP) என்ற வளையும் ஃபோம். டெப்ரானைவிடக் கொழகொழவென்று இருக்கும், ஆனால் மோதினால் பெரும்பாலும் உடையாமல் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. வெளியில் பறக்கவிடும் விமானத்திலிருந்து 3 செல், 2200 எம்ஏஎச் (கொள்ளளவு) லிப்போ பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பேட்டரி மட்டுமே 170, 180 கிராம் இருக்கும். 80 செ.மீ. இறக்கை கொண்ட நல்ல அரங்க விமானத்தின் மொத்த எடையைவிட அது அதிகம். இரண்டு செல், 300 எம்ஏஎச் பேட்டரி சுமார் 20 கிராம்தான். ஐந்து நிமிடம் பறக்கும், அது போதும், அரங்கத்தில் ஐந்து நிமிடம் கவனம் சிதறாமல் ஓட்டுவதே பெரிய விஷயம். ‘சக்தி போதவில்லை, பெரிய மோட்டார் போடலாம்’ என்ற எண்ணம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி வேண்டும், அந்த எடையைத் தூக்க இன்னும் வேகம் வேண்டும். இதற்கு முடிவே கிடையாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் நிறுத்துப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ நடத்தும் எஃப்3பி (F3P) என்ற அரங்க விமான சாகசப் போட்டிகளில் பறப்பவற்றைப் பாருங்கள். அவ்வளவு பெரிய இறக்கை இருந்தும் 100 கிராமுக்குக் கீழே நிற்கும் விமானங்கள் அங்கே சாதாரணம்.

பசையில் இரண்டு விதத் தவறு. ஃபெவிக்விக் போன்ற சயனோ பசை, தெர்மாகோலையும் டெப்ரானையும் கரைத்துக் குழி போட்டுவிடும். ஃபோமுக்கென்று தனியாக வரும் சயனோவோ, யூஹூ போர் மாதிரியான பசையோ வேண்டும். இபிபிக்கு மட்டும் சாதாரண சயனோ ஒத்துக்கொள்ளும். இன்னொரு தவறு, பயந்துபோய் ஹாட் க்ளூவை வழிய வழிய வைப்பது. பிடிப்பு கிடைக்கும், கூடவே எடையும் ஏறும். ஸ்ப்ரே பெயின்ட் பக்கம் போகவே வேண்டாம், அதன் கரைப்பானும் ஃபோமைத் தின்னும். ஸ்கெட்ச் பேனாவால் இறக்கையின் அடியில் பட்டையாகக் கறுப்புக் கோடுகள், மேலே வேறு நிறம் என்று போட்டால் போதும். வெள்ளைக் கூரைக்குக் கீழே முழு வெள்ளை விமானம் கவிழ்ந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

சரி, விமானம் தயார். கையில் பிடித்தே செய்ய வேண்டிய சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். பேட்டரியை மாட்டி, இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்குங்கள். நேரான இறக்கையில், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொட்டதுமே மூக்கு எகிறும், அரங்கத்தில் அதைச் சரிசெய்ய உயரம் கிடையாது. சமநிலைக்காக ஈயம் சேர்ப்பதற்கு முன், பேட்டரியை முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். அப்புறம் ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்பு மடல்) திசை: ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரில், அதாவது கையில் இருக்கும் ரிமோட்டில், வேறு விமானத்தின் மெமரி தேர்வாகியிருந்தால் இது தலைகீழாகிவிடும். முதல் நாளுக்கு ரேட்டை (மடல்கள் அசையும் அளவை) குறைத்து, எக்ஸ்போவை (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பை) 30 முதல் 40 சதவீதம் வைத்துக்கொள்வது நல்லது.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் மேலே பாருங்கள். ஃபேன், எக்ஸாஸ்ட், ஏசி எல்லாம் நிற்க வேண்டும், நின்ற பிறகும் காற்று அடங்கச் சில நிமிடம் கொடுங்கள். நடு வலையைக் கழற்ற முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். தரையில் கீறல் விழாதபடி சக்கரத்துக்கான கம்பி முனைகளில் டேப் சுற்றுங்கள், நான்-மார்க்கிங் ஷூ எடுத்துப் போங்கள். தரையைக் கெடுத்தால் அடுத்த வாரம் இடம் கிடைக்காது.

நண்பர்களோடு பறக்கும்போதுதான் அதிக விமானங்கள் போகின்றன, அதுவும் ஒன்றோடு ஒன்று மோதி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் நின்று ஓட்டுவதுதான் இதற்கு முதல் காரணம். ஒருவருக்கு இடமாகத் தெரிவது மற்றவருக்கு வலம், பேச்சும் கேட்காது. எல்லோரும் நீளப் பக்கத்துச் சுவரின் நடுவில், தோளோடு தோளாக நில்லுங்கள். எல்லா விமானமும் ஒரே திசையில் சுற்றட்டும். திசையை மாற்ற வேண்டும் என்றால் சொல்லிவிட்டு எல்லோரும் சேர்ந்து மாற்றுங்கள். ஒரே கோர்ட் இடம் என்றால் ஒரு நேரத்தில் இரண்டு விமானத்துக்கு மேல் வேண்டாம். ‘இறங்குறேன்’, ‘எடுக்கப் போறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வதைக் கூச்சமில்லாமல் பழக்குங்கள். விழுந்த விமானத்தை எடுக்க ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் இறங்கிவிட வேண்டும், அல்லது அவர் காத்திருக்க வேண்டும். சுழலும் ப்ரொப்பெல்லர் கண்ணில் பட்டால், இருபது கிராம் விமானம்கூட விளையாட்டுச் சாமான் அல்ல. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பக்கத்துக் கோர்ட் வலைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். துரத்தல், முட்டல் விளையாட்டெல்லாம் எல்லோரும் சம்மதித்த பிறகு, இபிபி விமானங்களோடு மட்டும்.

புதிதாக வந்த நண்பருக்கு, மற்றவர்கள் தரையில் இருக்கும்போது தனியாக ஒரு முறை கொடுங்கள். இதைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், அதற்குள் பேட்டரியெல்லாம் தீர்ந்திருக்கும். முதலில் அவரைப் பறக்கவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று ‘இப்போ திருப்புங்க’ என்று மட்டும் சொல்லட்டும். ஐந்து பேர் ஐந்து யோசனை சொன்னால் யாருக்கும் கை ஓடாது. இன்னொன்று, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரிசீவரை பைன்ட் செய்யக் கூடாது, அதாவது விமானத்தின் ரிசீவரை ட்ரான்ஸ்மிட்டரோடு இணைக்கக் கூடாது. ஒரே கம்பெனி செட் என்றால் ஒருவருடைய விமானம் மற்றவருடைய ட்ரான்ஸ்மிட்டரோடு சேர்ந்துகொள்ளும்.

பறக்கும்போது சுவர் நெருங்கியதும் திருப்ப நினைப்பது தாமதம். கோர்ட்டின் நடுக்கோட்டைத் தாண்டும்போதே அடுத்த திருப்பம் மனதில் இருக்க வேண்டும். திருப்பத்தில் பயந்து த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) இறக்கினால் விமானம் உள்பக்கமாகச் சரியும். சாய்ந்திருக்கும்போது கொஞ்சம் கூடுதல் த்ராட்டில் தேவை, கூடவே மூக்கை உயர்த்தும் வால் மடலான எலிவேட்டரை மெல்ல இழுக்க வேண்டும். தூரம் பிடிபடவில்லை என்றால் தரையில் ஓடும் நிழலைக் கவனியுங்கள், விமானம் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அதையும் மீறி மோதப்போகிறது என்று தெரிந்தால், மோதுவதற்கு முன் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். வலையில் ப்ரொப்பெல்லர் சிக்கிய பிறகும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால், ஒட்டிச் சரிசெய்யக்கூடிய ஃபோமோடு போகாது, மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் சேர்ந்து எரியும்.

ஒரே சார்ஜரை எல்லோரும் பகிர்ந்துகொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. முன்னால் ஒருவர் 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு வைத்த 2.2 ஆம்பியர், அப்படியே அடுத்தவரின் 300 எம்ஏஎச் பேட்டரிக்குப் போய்விடும். அதற்கு 0.3 ஆம்பியர்தான் சரியான அளவு. செருகும் முன் செல் எண்ணிக்கையையும் ஆம்பியரையும் வாய்விட்டுப் படியுங்கள். மரத் தரையில் வைக்காமல், பீங்கான் தட்டிலோ ஓடு பதித்த இடத்திலோ வைத்து, ஒருவர் பார்வையில் சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரி அன்றே கழிவுக்குப் போக வேண்டும். பறந்து முடித்தவற்றைக் காலியாகவும் விடாமல், 4.2 வோல்ட் வரை நிரப்பியும் வைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைத்தால் அடுத்த வாரத்துக்குக் கெடாமல் இருக்கும். பையை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.