கார்ட்டூனில் பெரியம்மாவின் தனக்காவைக் காணோம்

பெரியம்மாவின் போட்டோவைக் கார்ட்டூனாக்க ஒரு செயலியில் போட்டேன். வந்த படத்தில் இரண்டு கன்னத்திலும் வெள்ளைப் பிளாஸ்திரி. நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் மூன்று சுருக்கம். மூக்குத்தியைக் காணோம். தோல் நன்றாக வெளுத்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்த பெரியம்மா, "யாருப்பா இந்தப் பொண்ணு? கன்னத்துல என்ன காயம்?" என்று கேட்டார்.

மியான்மரில் (பர்மாவில்) யாங்கூனில் இருக்கிற நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. காலையில் குளித்ததும் வட்டக்கல்லில் தண்ணீர் தெளித்து, தனக்கா என்ற மரத்தின் கட்டையை உரசி, அந்த வெளிர்மஞ்சள் குழம்பைக் கன்னத்தில் பூசிக்கொண்ட பிறகுதான் பெரியம்மா வாசலுக்கு வருவார். பத்து மணிக்கெல்லாம் அது காய்ந்து, சிரிக்கும்போது கன்னத்தில் மெல்லிய கோடுகளாக வெடிக்கும். அதை எடுத்துவிட்டால் அவரை எங்களுக்கே அடையாளம் தெரியாது.

ஃபேஸ்புக்கிலும் வைபரிலும் கார்ட்டூன் முகம் வைப்பது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிய படம் வரையும் வசதி வந்தபோது ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவின் பாணிப் படங்கள் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். அழகான பாணிதான். ஆனால் எந்தப் பாணியாக இருந்தாலும், படம் நம் முகமாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் தேவை. அதைக் கெடுக்கிற தவறுகள் சில இருக்கின்றன. பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

பெரிய தவறு, முதலில் வந்த படத்தையே சரி என்று எடுத்துக்கொள்வது. இந்தச் செயலிகள் ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியவை. பழக்கமில்லாத ஒன்றைக் கண்டால், தெரிந்தவற்றில் எது அதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை வரைந்துவிடும். தனக்கா பிளாஸ்திரி ஆவதும், விபூதி சுருக்கமாவதும், பொட்டு மச்சமாவதும் இப்படித்தான். கறுத்த தோலை வெளுக்க வைப்பது இன்னும் மோசம். அழகாக்குகிறேன் என்று பல ஃபில்டர்கள் கேட்காமலே அதைச் செய்கின்றன. அப்படி வந்த படத்தை "நல்லாத்தானே இருக்கு" என்று நாமே போட்டுவிட்டால், வீட்டுப் பிள்ளைகள் தங்கள் நிறத்தைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்?

எழுதிச் சொல்ல வசதி உள்ள செயலி என்றால், பொதுவாக "கார்ட்டூனாக்கு" என்று விடாதீர்கள். பெரியம்மா படத்துக்கு இரண்டாம் தடவை நான் எழுதியது இது: "இரண்டு கன்னத்திலும் வெளிர்மஞ்சள் தனக்காப் பூச்சு, காய்ந்து லேசாக வெடித்தது. நெற்றியில் மூன்று விபூதிக் கோடு, நடுவில் குங்குமம். இடது மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. தோல் நிறம், வயது, நரை எல்லாம் போட்டோவில் உள்ளபடியே." பாதி சரியாக வந்தது. தனக்கா மட்டும் ஏதோ கிரீம் போல வழவழவென்று இருந்தது. எழுத இடமே இல்லாத ஃபில்டர் என்றால், தனக்கா இல்லாத போட்டோவைக் கொடுத்து, பிறகு நாமே பூசிவிடுவது நல்லது. ஐபிஸ் பெயின்ட் மாதிரி ஒரு வரையும் செயலியில் படத்தைத் திறந்து, மேலே புது லேயர் (தனி அடுக்கு) ஒன்று போட்டு, சொரசொரப்பான பிரஷ்ஷில் மஞ்சளைத் தீட்டி, தோல் கொஞ்சம் தெரிகிற அளவுக்கு அந்த லேயரின் அடர்த்தியைக் குறைத்தால் போதும். பத்து நிமிட வேலைதான்.

கையால் வரைபவர்களும் நிறத்தில் தடுக்கி விழுகிறார்கள். தோல் நிறத்தைப் போட்டோவிலிருந்தே எடுக்கும்போது, வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் இடத்தைத் தொட்டால் ஆள் வெளுத்துவிடுவார். பளபளப்பு இல்லாத கன்னத்தின் நடுப்பகுதியைத் தொடுங்கள். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் முகத்தில் கரி பூசியது போல இருக்கும். செம்பழுப்போ, கொஞ்சம் ஊதா கலந்த பழுப்போ போட்டால் கறுத்த முகத்தில் உயிர் வரும். பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். சிரிப்பு முழுவதையும் ஒரே வெள்ளையாக விட்டால்தான் சிரிப்பாகத் தெரியும்.

இடம் வலம் மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. சில போன்களில் செல்ஃபி எடுத்தால் கண்ணாடியில் தெரிவது போலவே படம் பதிவாகும். இடது மூக்குத்தி வலது பக்கம் போகும், முந்தானை தோள் மாறும், சட்டையில் இருக்கிற எழுத்து திரும்பிவிடும். கேமரா அமைப்பில் அதை அணைக்கலாம், அல்லது படத்தைத் திருப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

செல்ஃபியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கை எட்டுகிற தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். கார்ட்டூன் அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். யாரையாவது ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போன நேரத்தில் சின்ன பேட்டரி விளக்கில் எடுத்த படம் வேண்டாம். இருட்டில் எடுக்கும் படத்தில் போன் கேமரா முகத்தைப் புள்ளிபுள்ளியாக்கும், அல்லது மெழுகு போல இழுக்கும். தலைக்கு நேர் மேலே இருக்கும் டியூப்லைட் கண்ணைக் குழியாக்கும். எங்கள் ஊரில் மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை நீளுகிறது. அந்த மூடிய வானத்தின் வெளிச்சம் முகத்துக்கு அவ்வளவு நல்லது. வராந்தாவில் வெளியே பார்த்து நிற்க வைத்தாலே போதும்.

அப்புறம், கைமாறிக் கைமாறி வந்த படம். மெசஞ்சரிலும் வைபரிலும் நாலு பேரைக் கடந்து வரும்போது ஒவ்வொரு தடவையும் படம் சுருங்கித் தேய்கிறது. கண்ணிமை எங்கே என்று செயலிக்குத் தெரியாது, அதுவாக ஒன்றை வைத்துவிடும். எடுத்தவரிடமே கேட்டு, ஃபைலாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: அப்படி அனுப்பும்போது, படம் எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் உள்ளே இருந்தால் கூடவே போகும். தெரிந்தவருக்கு என்றால் சரி. இல்லையென்றால் கேமராவில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.

பழைய ஸ்டுடியோ படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1942-ல் போருக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்தே போன குடும்பங்கள் உண்டு. 1960-களில், கடைகள் அரசுடைமை ஆனபின் கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. இங்கே தங்கியவர்களிடமும் அங்கே போனவர்களிடமும் தாத்தாவின் படம் என்று ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் கார்ட்டூனாக்குவது தவறில்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் இல்லாத நிறத்தையும், பூச்சி அரித்துப்போன தாடையையும் செயலி தானாக இட்டு நிரப்புகிறது. தாத்தாவின் கோட்டு நீலம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்தப் படத்தை "தாத்தா" என்று மட்டும் போட்டு அனுப்பினால், அடுத்த தலைமுறைக்கு அதுவே தாத்தா ஆகிவிடும். கார்ட்டூன் என்று ஒரு வரி எழுதுங்கள், மூலப் படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். சட்டத்துக்குள் இருக்கும் படத்தைக் கண்ணாடியோடு எடுத்தால் ஜன்னல் பிரதிபலித்து முகத்தில் விழும். வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து, மேசையில் வைத்து, நிழல் வெளிச்சத்தில் எடுங்கள். ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள், சாய்த்துப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டு குரூப் போட்டோவை மொத்தமாகக் கொடுத்தால் கைவிரல் கூடும், இரண்டு சித்தப்பாக்களுக்கும் ஒரே முகம் வரும். ஒவ்வொருவராக வெட்டிக் கொடுங்கள். பின்னால் தமிழிலோ பர்மிய எழுத்திலோ பெயர்ப்பலகை இருந்தால் அதை வெட்டிவிட்டு அனுப்புங்கள். எழுத்து பல சமயம் கிறுக்கலாகத்தான் திரும்பி வரும். பெயர் வேண்டும் என்றால் கடைசியில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் முகப்படத்தை வட்டமாக வெட்டிக் காட்டும். சட்டம் நிறைய முகத்தை வைத்தால் கொண்டையும் மல்லிகைச் சரமும் போய்விடும். 1080-க்கு 1080 என்று சதுரமாக வைத்து, முகத்தைச் சுற்றி இடம் விடுங்கள். பின்னணியில் கோபுரம், கூட்டம் என்று நிறைய இருந்தால், சாட் பட்டியலில் தெரிகிற சின்ன வட்டத்தில் எல்லாம் ஒரே குழப்பமாக இருக்கும். ஒரே நிறம் போதும். சேமிக்கும்போது பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் அழுத்திச் சேமித்தால் கோடுகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல வரும்.

கார்ட்டூன்தானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைப்பதுதான் எனக்குக் கவலையான தவறு. கார்ட்டூனைத்தான் நாம் போடுகிறோம், ஆனால் அசல் முகம் செயலிக்காரரின் சர்வருக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அவர்களுடைய விதிமுறையைப் படித்துப் பாருங்கள். சாட்ஜிபிடியில், நம் தரவை மாடலைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வதை அமைப்புக்குள் போய் நிறுத்தலாம். "மூன்று நாள் இலவசம்" என்று கார்டு எண் கேட்டால், நான்காம் நாள் எவ்வளவு என்று பார்த்த பிறகு தொடுங்கள். யாரோ அனுப்பிய ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக வராத ஆண்ட்ராய்டு செயலியை, நிறுவவே வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்தான். இங்கே பள்ளிச் சீருடையான வெள்ளைச் சட்டையும் பச்சைக் கைலியும் போட்டு நிற்கும் பள்ளிப் பிள்ளையைக் கார்ட்டூனாக்கினாலும் பள்ளிப் பிள்ளை என்று தெரியும். சட்டையில் பள்ளியின் பேட்ஜும், பின்னால் வீட்டு எண்ணும் இருந்தால் அவையும் படத்தில் வந்துவிடலாம். பிள்ளை படமே என்றால் அந்தப் பகுதிகளை முதலிலேயே அழித்துவிட்டுத்தான் செயலிக்குக் கொடுப்பேன்.

பெரியவர்களிடமும் கேட்டுவிட்டே போட வேண்டும். எதிர்வீட்டு அத்தையின் படத்தை ஆசையாகச் செய்து, கேட்காமல் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அவர் போய் இன்னும் வருஷம் திரும்பலப்பா, நீ எனக்குப் பூ வெச்சு வரைஞ்சிருக்கே" என்றார். பூ போட்டோவில் இல்லை, செயலி தானாக வைத்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டேன்.