மறுக்கப்பட்ட மாணவர் விசா: அடுத்த நேர்காணலுக்குத் தயாராவது எப்படி

சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து, திருப்பித் தரப்பட்ட பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் ஏந்தி வெளியே வரும் மாணவர், அந்தத் தாளை நான்கைந்து முறை படித்துப் பார்ப்பார். தம் விண்ணப்பத்தில் என்ன குறை என்பது அதில் எங்காவது இருக்கும் என்று தேடுவார். இருக்காது. குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்கீழ் மறுக்கப்படும் எல்லோருக்கும் ஏறத்தாழ அதே வாசகங்கள்தாம் தரப்படுகின்றன. ஆகவே, குறையைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் மாணவருடையது. அதைச் செய்யாமல் அடுத்த ஸ்லாட்டுக்கு (நேர்காணலுக்கு முன்பதிவு செய்யும் நேரத்துக்கு) அவசரப்படுவதே இரண்டாம் மறுப்பும் மூன்றாம் மறுப்பும் வருவதற்குப் பெரிய காரணம் என்பது, இவ்விஷயத்தில் பல மாணவர்களோடு உட்கார்ந்து பேசிய என் கருத்து.

முதலில் சட்டம் சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள். எஃப்-1 எனப்படும் மாணவர் விசா கேட்டு வரும் ஒவ்வொருவரும் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கவே வருகிறார் என்று 214(பி) பிரிவு தொடக்கத்திலேயே கருதிக்கொள்கிறது. அப்படியில்லை என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. இம்மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை. ஆனால், அது நிரந்தரத் தடையும் அன்று. இத்தனை மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவத்தைப் புதிதாக நிரப்பி, 185 டாலர் விண்ணப்பக் கட்டணத்தை மறுபடியும் செலுத்தி, மீண்டும் நேர்காணலுக்குச் செல்லலாம். செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) கட்டணமான 350 டாலரை உடனே மீண்டும் கட்டிவிட வேண்டாம். மறுப்புக்குப் பின் 12 மாதங்களுக்குள் அதே பல்கலைக்கழகத்தின் அதே செவிஸ் எண்ணோடு விண்ணப்பித்தால் முன்பு கட்டியதே செல்லும். அதே 12 மாதங்களுக்குள் வேறு பல்கலைக்கழகத்தின் ஐ-20 (மாணவரைச் சேர்த்துக்கொண்டதற்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) பெற்று விண்ணப்பித்தாலும், பழைய கட்டணத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றித் தரும்படி கேட்க முடியும். உங்கள் தாளில் 214(பி)க்குப் பதிலாக 221(ஜி), அதாவது ஆவணம் குறைவதால் முடிவு நிலுவையில் இருக்கிறது என்று இருந்தால் நிலைமை வேறு: அதற்குப் புதிய விண்ணப்பம் தேவையில்லை, கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் ஒப்படைத்தால் போதும்.

மறுக்கப்பட்ட அன்று மாலையே ஒரு நோட்டை எடுத்து, அதிகாரி கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் வரிசை மாறாமல் எழுதுங்கள். சொல்ல நினைத்ததை எழுதக் கூடாது. உண்மையில் வாயிலிருந்து வந்ததையே எழுத வேண்டும். எந்தப் பதிலுக்குப் பிறகு அவர் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கினார், எந்தக் கேள்வியை இரண்டாம் முறை வேறு சொற்களில் கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணல் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுகிறது என்பதால், அதற்குள் சந்தேகம் எழுந்த இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

கோவை மாணவர் ஒருவரின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரவியல் பட்டதாரி, தரவு அறிவியலில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தவர், இரண்டு முறை மறுக்கப்பட்டவர். "செலவை யார் ஏற்கிறார்கள்?" என்ற கேள்விக்கு இரு முறையும் "என் தந்தை" என்று மட்டும் சொல்லியிருந்தார். தந்தை லேத் பட்டறை நடத்துபவர்; வருமான வரிக் கணக்கில் ஆண்டு வருமானம் 6 லட்சம். ஐ-20 படிவத்திலோ முதலாண்டுச் செலவு 36,000 டாலர், ஏறக்குறைய 31 லட்சம் ரூபாய். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் கேள்வி எழத்தான் செய்யும். இத்தனைக்கும் வீட்டுப் பத்திரத்தின்பேரில் 40 லட்சம் கல்விக் கடன் ஒப்புதலாகியிருந்தது. அந்தக் கடிதம் அவருடைய கோப்பிலேயே இருந்தது. அதிகாரி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோப்பில் இருப்பது அதிகாரிக்குத் தெரியாது. மூன்றாம் முறை அதே கேள்விக்கு அவர் சொன்ன பதில் இது: "40 லட்சம் கல்விக் கடன் ஒப்புதலாகியிருக்கிறது, முதலாண்டுச் செலவு முழுவதும் அதில் அடங்கும், மீதிக்கு அப்பாவின் சேமிப்பு 12 லட்சம் இருக்கிறது." பதினைந்து விநாடிகூட ஆகாத பதில். அம்முறை அவருடைய பாஸ்போர்ட்டை, விசா ஒட்டித் தருவதற்காக, அதிகாரி வைத்துக்கொண்டார்.

பணம் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலம், வீடு ஆகியவற்றின் மதிப்பீட்டுச் சான்றுகளைக் கனமான கோப்பாக எடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதலாண்டுச் செலவுக்கு உடனே எடுக்கக்கூடிய பணம் எது என்பதே அங்கே முக்கியம். வங்கி இருப்பு, வைப்புத்தொகை, கடன் ஒப்புதல் கடிதம் ஆகியவையே முதலில் பேசும். பத்து நாளுக்கு மட்டும் உங்கள் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் முகவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். பொய் ஆவணம் காட்டியது தெரிந்தால், மோசடிக்கான 212(ஏ)(6)(சி) பிரிவு பாயும். அது 214(பி) போல அடுத்த மாதம் மறுபடி முயலக்கூடிய விஷயமல்ல, வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய தடை.

அதே காரணத்தால், இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்று டிஎஸ்-160 கேட்கும் இடத்தில் ஒவ்வொரு மறுப்பையும் மறைக்காமல் எழுதுங்கள். முந்தைய நேர்காணல்களில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் அவர்களுடைய கணினியில் இருக்கின்றன. மறைப்பதால் நேர்மை போவதைத் தவிர வேறு பயன் இல்லை. பழைய படிவத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதை நிரப்புங்கள். தந்தையின் தொழில், உறவினர் விவரம், வேலை பார்த்த தேதிகள் ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் அதற்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் படிவம் கேட்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் அக்கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற நடைமுறையும் வந்திருக்கிறது. லிங்க்ட்இன் பக்கத்தில் ஒரு வேலையும் படிவத்தில் வேறொரு வேலையும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

இனி, மறுக்கப்பட்டவர்கள் பெரிதும் அஞ்சும் கேள்வி: "சென்ற முறைக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது?" இதற்கு உண்மையான பதில் இல்லாதவரை ஸ்லாட் எடுக்காமல் இருப்பதே நல்லது. பதில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கடன் ஒப்புதலாகியிருக்கலாம், அரியர் தாள்கள் முடிந்து பட்டச் சான்றிதழ் வந்திருக்கலாம், துறை மாறும் படிப்புக்குப் பொருத்தமான வேலையில் ஆறு மாதம் இருந்திருக்கலாம். எதுவுமே மாறவில்லை, சென்ற முறை தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் உண்மையானால், அதையே சொல்லுங்கள்: "சென்ற முறை என் கல்விக் கடனைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டேன்." முன்பு பேசிய அதிகாரியைக் குறைகூறுவதும், நான் தகுதியானவன் என்று வாதாடுவதும் வேண்டாம். பல்கலைக்கழகத்தை மட்டும் மாற்றினால் விசா கிடைத்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. முன்பு தேர்ந்த படிப்பு உங்கள் பின்னணிக்குப் பொருந்தாமல் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அது செலவுதான்.

"ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்பதற்கு "சிறந்த தரவரிசை, அனுபவமிக்க பேராசிரியர்கள், நல்ல உள்கட்டமைப்பு" என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாலும் உங்கள் பதில் பொருந்துகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பொருந்தினால் அந்தப் பதில் ஆகாது. நீங்கள் இறுதியாண்டில் செய்த புராஜெக்டுக்கும் அங்கே இரண்டாம் பருவத்தில் படிக்கப்போகும் ஒரு பாடத்துக்கும் உள்ள தொடர்பைச் சொன்னால், அது உங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கும். திரும்பி வருவது பற்றிக் கேட்டாலும் அப்படியே. "என் குடும்பம் இங்கே இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், என்ன வேலைக்கு, எந்த ஊரில், எந்தத் துறையில் என்று சொல்லுங்கள். கோவை மாணவர், பம்பு தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் பழுதாவதைத் தரவுகளிலிருந்து முன்கூட்டியே கண்டறியும் வேலையைச் செய்ய விரும்புவதாகச் சொன்னார்; பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய பதிலாக இல்லை.

நேர்காணல் நாளில் கைபேசியும் பெரிய பையும் உள்ளே அனுமதிக்கப்படமாட்டா. வெளியே வைத்திருக்க யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றபடி பேச வேண்டியிருக்கும், பக்கத்துச் சாளரத்தின் குரலும் கேட்கும். அதனால் வீட்டில் பழகும்போதே எழுந்து நின்று, சற்று உரத்து, நிதானமாகப் பேசிப் பழகுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். தவறாகப் புரிந்துகொண்டு விரைந்து சொல்லும் பதிலைவிட அது மேல். கேட்காத ஆவணத்தை நீட்ட வேண்டாம், ஆனால் கேட்டவுடன் எடுக்கும் வரிசையில் வைத்திருங்கள்.

விசா கைக்கு வரும்முன் விமானச்சீட்டு எடுக்காதீர்கள். கடன் தொகையை விடுவிக்கும்படி வங்கியிடம் சொல்லவும் வேண்டாம், வட்டி ஓடத் தொடங்கிவிடும். வகுப்பு தொடங்கும் தேதிக்குள் ஸ்லாட் கிடைக்காது என்று தோன்றினால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு உடனே எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்து, புதிய தேதியிட்ட ஐ-20 வாங்கிக்கொள்ளுங்கள்.