பூஞ்சையிடம் ஒரு மூலக்கூறைக் கொடுத்துப் பார்ப்போம்

தாவரத்திலிருந்து எடுத்த ஒரு சேர்மத்தில், ஒரு குறிப்பிட்ட கார்பனில் மட்டும் ஓர் ஓஹெச் தொகுதியை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும்) ஒட்ட வேண்டும். வேதிவினையால் செய்யப் போனால் பல படிகள் ஆகும். பல பூஞ்சைகள், ஆக்சிஜனை ஒட்டும் தங்கள் சைட்டோகுரோம் பி450 நொதிகளால் இதை ஒரே படியில் செய்துவிடுகின்றன. 1952-இல் அப்ஜான் நிறுவனத்தில் பீட்டர்சனும் மரேயும் ரைசோபஸ் பூஞ்சையைக் கொண்டு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் 11-ஆம் கார்பனில் ஆக்சிஜனைச் சேர்த்தார்கள். மூட்டுவாத மருந்தான கார்ட்டிசோன் மலிவாக வழி பிறந்தது அப்படித்தான். அந்தப் புரோஜெஸ்டிரோனும் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து தயாரானதுதான்.

நாம் எடுத்துக்கொள்வது ஸ்கிளேரியோலைடு என்ற தாவரச் சேர்மம், மூலக்கூறு எடை 250. பூஞ்சை, கன்னிங்ஹாமெல்லா எலிகன்ஸ். வித்துகள் காற்றில் பறக்கும், கரைப்பான்கள் தீப்பிடிக்கும். அதனால் ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள், வீட்டுச் சமையலறை வேண்டாம்.

படி 1: ஊடகம்

ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 20 கிராம். ஈஸ்ட் சாறு, சோயா மாவு, சோடியம் குளோரைடு, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஒவ்வொன்றும் 5 கிராம். பிஹெச் 7. 250 மில்லி குடுவைகளில் 50 மில்லி வீதம் ஊற்றிப் பஞ்சடைத்து, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். குடுவையை நிறைத்துவிடாதீர்கள். வேலை நடப்பதே ஆக்சிஜனால்தான்.

படி 2: இரண்டு கட்டமாக வளர்த்தல்

அகார் தட்டில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து வித்துகளை எடுத்து முதல் குடுவையில் போட்டு, 28 டிகிரியில் நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் மூன்று நாள் ஷேக்கரில் விடுங்கள். பிறகு அதிலிருந்து 5 மில்லியைப் புதுக் குடுவைக்கு மாற்றி ஒரு நாள் வளர விடுங்கள். மாற்றும்போது பூஞ்சை உருண்டைகள் பைப்பெட் முனையில் சிக்கிக்கொள்ளும். முனைகளைக் கத்தரித்து அகலமாக்கி, முன்கூட்டியே ஆட்டோகிளேவ் செய்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள்.

படி 3: சேர்மத்தைச் சேர்த்தல்

10 மில்லிகிராம் ஸ்கிளேரியோலைடை 0.25 மில்லி அசிட்டோனில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். சேர்த்ததும் ஊடகத்தில் வெள்ளையாக ஒரு மங்கல் படரலாம். பயப்பட வேண்டாம், நீரில் கரையாத பொருள் அப்படித்தான் இருக்கும். அசிட்டோன் அளவை மட்டும் கூட்டாதீர்கள், பூஞ்சை செத்துப்போகும்.

படி 4: இரண்டு துணைக் குடுவைகள்

முழுச் சோதனையிலும் இதுதான் முக்கியம். ஒன்றில் பூஞ்சையும் வெறும் அசிட்டோனும், சேர்மம் கிடையாது. மற்றொன்றில் ஊடகமும் சேர்மமும், பூஞ்சை கிடையாது. நான் ஒருமுறை முதல் வகைக் குடுவையை வைக்காமல், டிஎல்சி தகட்டில் (சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும், சிலிக்கா பூசிய தகடு) புதிதாகத் தெரிந்த ஒரு புள்ளியைப் பத்து நாள் பிரித்துச் சுத்தம் செய்தேன். கடைசியில் பார்த்தால் அது பூஞ்சை தானாகவே சுரக்கும் கொழுப்புப் பொருள்! இப்போதெல்லாம் துணைக் குடுவை இல்லாத டிஎல்சி தகட்டை யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை.

படி 5: பார்த்தல்

1, 3, 5, 7-ஆம் நாட்களில் மூன்று குடுவைகளிலிருந்தும் 1 மில்லி எடுத்து, அதே அளவு எதைல் அசிடேட்டோடு குலுக்கி, மேல் அடுக்கைச் சிலிக்கா தகட்டில் பக்கம் பக்கமாகப் புள்ளி வையுங்கள். ஹெக்சேன், எதைல் அசிடேட் 7:3 கலவையில் ஓட்டலாம். ஸ்கிளேரியோலைடு புறஊதா ஒளியில் தெரியாது என்பதால், வெனிலின்-சல்பூரிக் அமிலத்தில் நனைத்துச் சூடாக்க வேண்டும். ஓஹெச் ஏறிய பொருள் சிலிக்காவை இறுகப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதன் புள்ளி மூலப்பொருளுக்குக் கீழே நிற்கும். துணைக் குடுவைகள் இரண்டிலும் இல்லாமல், இங்கே மட்டும் அப்படியொரு புள்ளி இருந்தால் சரி, ஏதோ நடந்திருக்கிறது.

படி 6: பிரித்தெடுத்தல்

வடிகட்டி, எதைல் அசிடேட்டால் மூன்று முறை பிரித்தெடுங்கள். அடுக்குகள் பிரியாமல் நுரைத்துக் குழம்பினால் ஒரு கை உப்பு போடுங்கள். நீரற்ற சோடியம் சல்பேட்டால் உலர்த்தி, கரைப்பானை ஆவியாக்கி, சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் (பத்தி) பிரியுங்கள். மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைநிறமாலையில் 266 என வந்தால் ஓர் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. 264 என்றால் அந்த ஓஹெச் மேலும் ஆக்சிஜனேற்றமாகிக் கீட்டோன் ஆகியிருக்க வாய்ப்புண்டு. எந்தக் கார்பனில் என்பதை என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலைதான் சொல்லும். ஸ்கிளேரியோலைடில் பூஞ்சைகள் அடிக்கடி தொடுவது 3-ஆம் கார்பனை.

ஏழு நாள் கழித்தும் மாற்றமே இல்லையா? ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர், பியூவேரியா பாசியானா, மியூகோர் பிளம்பியஸ் என வேறு பூஞ்சைகளை மாற்றிப் பாருங்கள். நான் இப்போது தொடக்கத்திலேயே ஐந்தாறு பூஞ்சைகளைச் சிறு அளவில் ஓட்டிவிடுகிறேன். அப்புறம், எல்லாக் குடுவைகளையும் மறுபடி ஆட்டோகிளேவ் செய்த பிறகே கழுவுங்கள்.