சார்ஜ்: பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்

போனுக்கு ஏற்றுவதும் சார்ஜ், டெலிவரிக்கு வாங்கும் கட்டணமும் சார்ஜ், போலீஸ் சாட்டும் குற்றமும் சார்ஜ். ஆங்கில வாக்கியத்தில் எது என்பதை அடுத்து வரும் சிறு சொல்லே பெரும்பாலும் காட்டிவிடும். 'சார்ஜ் ஃபார்' என்றால் கட்டணம். 'சார்ஜ்டு வித் தெஃப்ட்' என்றால் திருட்டுக் குற்றச்சாட்டு. அதற்குப் பதில் அக்யூஸ் (குற்றம் சாட்டு) போட்டால் 'வித்' வராது, 'அக்யூஸ்டு ஆஃப் தெஃப்ட்' என்றே எழுத வேண்டும். தேர்வில் அதிகம் சறுக்குவது இங்கேதான். பொருளிலும் வித்தியாசம் உண்டு: யாரும் யாரையும் அக்யூஸ் செய்யலாம், குற்ற வழக்கில் சார்ஜ் என்பது சட்டப்படி நடப்பது.

இன்னும் நுட்பமானது 'த' (the) என்ற சொல். 'த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்' என்றால் குழந்தைக்கு நர்ஸ் பொறுப்பு. 'த சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்' என்றால் குழந்தை நர்ஸின் பொறுப்பில் இருக்கிறது. சார்ஜுக்கு முன் 'த' வந்ததும் பொறுப்பாளர் இடம் மாறிவிடுகிறார்.

கட்டணம் என்ற பொருளில் மாற்றுச் சொல் தேடினால், பஸ், ரயிலுக்கு ஃபேர், டாக்டர், வக்கீல், தேர்வுக்கு ஃபீ, சுங்கச்சாவடிக்கு டோல். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் ஒட்டாது.