பழைய கேம்பர் வேன் மலையேற முக்குகிறதா? பவரைக் கூட்டும் ஆசையில் செய்யும் தவறுகள்

ஆஸ்திரியாவின் க்ரோஸ்குளோக்னர் மலைச்சாலை 1935இல் திறக்கப்பட்டது. 48 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள், 12 சதவீதம் வரை ஏற்றம், உச்சியில் 2,504 மீட்டர் உயரம். கோடையில் அந்தப் பக்கம் போனால், எழுபதுகளின் ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் ஏதாவது ஒன்று பின்னால் நீண்ட வரிசையைச் சேர்த்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்கலாம். ஓட்டுபவர் மனதில் அநேகமாக ஒரே எண்ணம்தான் ஓடும்: திரும்பிப் போனதும் பெரிய எஞ்சின் போட்டுவிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. அந்த வேனின் 1,584 சிசி எஞ்சின் புதிதாக இருந்தபோதே 50 குதிரைத்திறன்தான். கட்டில், அடுப்பு, தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்து 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் 50 கிமீ வேகத்தைப் பிடிக்கச் சக்கரத்தில் சுமார் 35 குதிரைத்திறன் வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கை இழந்து 40க்கு வந்துவிடும். கியர்பாக்ஸில் போவது போக மிச்சம் ஏறக்குறைய அந்த 35தான். ஆக, நல்ல நிலையில் இருந்தால் தட்டுத்தடுமாறி ஏறிவிடும். டியூனிங் சரியில்லாமல் ஏழெட்டுக் குதிரைத்திறன் போயிருந்தால் ஏறாது. தொலைந்ததைத் தேடாமல் புதிதாக வாங்கப் போவதுதான் முதல் தவறு.

தேட வேண்டிய இடங்கள் சாதாரணமானவை. ஆக்ஸிலரேட்டர் கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் அது மூன்று மீட்டருக்கும் மேல் நீளம். ஒருவரை முன்னால் உட்காரவைத்து பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரைப் பாருங்கள். கடைசி வரை திறந்து, ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி மட்டும் மிஞ்ச வேண்டும். முக்கால்வாசிதான் திறக்கிறது என்றால், அந்த வண்டிக்கு 1,600 சிசி எஞ்சின் போதவில்லை என்று சொல்வதே அநியாயம். ஏர் ஃபில்டரில் குளிர்காலத்துக்காக வைத்த சூடான காற்றின் மடிப்புக் கதவு திறந்தபடியே சிக்கியிருப்பதும் அடிக்கடி நடக்கும். வால்வு இடைவெளி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, 0.15 மிமீ.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தை அனுப்பும் கருவி. பொறியைச் சற்று முன்கூட்டியே விடுவதைத்தான் அட்வான்ஸ் என்பார்கள். அதை எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டும் மாற்றும் (வாக்குவம் அட்வான்ஸ்) அசலைக் கழற்றிவிட்டு, எஞ்சின் சுழற்சியை மட்டும் நம்பும் 009 வகையை மாட்டுவது பல காலமாக நடக்கும் பழக்கம். மலிவு, பழுது குறைவு என்பதெல்லாம் சரி. ஆனால் அசல் கார்புரேட்டரோடு சேரும்போது பெடலை மிதித்த கணத்தில் ஒரு தயக்கம் வரும். கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் அது கழுத்தறுக்கும். அசல் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். வாக்குவம் டியூபை வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பாருங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நின்றால் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு நன்றாக இருக்கிறது. நழுவித் திரும்பினால் கிழிந்திருக்கிறது.

"கொஞ்சம் அட்வான்ஸ் ஏத்தி விடு, பிக்கப் வரும்" என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் சொல்வது. இந்த வண்டியில் அது ஆபத்து. அதிக அட்வான்ஸில் எஞ்சின் தட்டத் தொடங்கினால் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து எழும் உலோகச் சத்தம்), சாதாரண காரில் காதில் விழுந்து காலை எடுத்துவிடுவோம். இங்கே எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவே சாமான்களும் ஜன்னல் காற்றும். தட்டுவது கேட்காது. பொறி விழும் நேரத்தைக் காட்டும் ஸ்ட்ரோப் விளக்கு வைத்து, 3,500 சுற்றுக்கு மேல் மொத்த அட்வான்ஸ் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்கும்படி வையுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் எஞ்சினைக் கொல்வது கியர். மூன்றாம் கியரில் பெடலைத் தரையோடு மிதித்து, வண்டி நடுங்க நடுங்க ஏற்றுவதை 'எஞ்சினுக்குச் சிரமம் கொடுக்காமல் ஓட்டுவது' என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. காற்றில் குளிரும் இந்த எஞ்சினின் விசிறி கிராங்க்கோடு (எஞ்சினின் முக்கியத் தண்டு) பெல்ட்டில் சுற்றுகிறது, ஏறக்குறைய அதன் இருமடங்கு வேகத்தில். சுற்று குறைந்தால் காற்றும் குறையும். அதே நேரத்தில் சிலிண்டருக்குள் எரிவது உச்சத்தில் இருக்கும். வேகம் விழும் முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுங்கள். இரண்டாம் கியரில் 35–40 கிமீ என்றால் எஞ்சின் ஏறக்குறைய 3,200 முதல் 3,600 சுற்றில் இருக்கும். சத்தம் அதிகம்தான். ஆனால் பவரும் அங்கேதான், குளிர்ச்சியும் அங்கேதான்.

அந்தக் காற்று சரியான இடத்துக்குப் போகிறதா என்பது அடுத்த கேள்வி. எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களில் ஒன்றிரண்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவதும், எஞ்சின் அறையின் ஓரத்து ரப்பர் சீல் உதிர்ந்து போனதைக் கண்டுகொள்ளாததும் சின்ன விஷயம் போலத் தெரியும். கீழே வெளியேறிய வெந்த காற்றை விசிறி மறுபடி உறிஞ்ச அதுவே போதும்.

எடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: மேலே சொன்ன ஏற்றத்தில், அதே வேகத்தில் 150 கிலோ கூடுதல் சாமான் இரண்டு குதிரைத்திறனுக்கு மேல் தின்னும். அசல் 185R14 டயருக்குப் பதில் உயரமான டயர் போடுவதும், நெடுஞ்சாலைக்காக நான்காம் கியரை நீட்டுவதும் சமவெளியில் சுகம், மலையில் தண்டனை.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் வேண்டும் என்றால்? கேஸை (எஞ்சினின் வெளிக்கூடு) கழற்றாமலே 87 மிமீ பிஸ்டனைச் செருகி 1,641 சிசி ஆக்கும் கிட் கவர்ச்சியாக இருக்கும். அதன் சிலிண்டர் சுவர் மெல்லியது, சூட்டில் கோணும். கூடுவதோ 57 சிசி. அந்தச் செலவுக்கு நான் போகமாட்டேன். கேஸைக் கடைந்து 90.5 மிமீ போட்டு 1,776 ஆக்குவது மேல். 1976 மாடலில் வந்த 70 குதிரைத்திறன் 2 லிட்டர் எஞ்சின் இன்னும் நிம்மதி, ஆனால் எல்லா வேனிலும் நேராக உட்காராது. ஜெர்மனியில் பழமை வாகனங்களுக்கான H எழுத்து நம்பர் பிளேட் வைத்திருப்பவர்கள் எஞ்சினை மாற்றும் முன் பரிசோதகரிடம் கேட்டுவிட வேண்டும். பழமைச் சலுகையே போய்விடலாம்.

எஞ்சினுக்குக் காசு ஒதுக்கும்போது பிரேக்குக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். 1970க்கு முந்தைய வேன்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.