சான்றிதழ் வேறு, சந்தா வேறு: தொழில்முறைச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்முறைச் சங்கம் ஒன்று தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கிவிட்டால், வெளியே இருப்பவர்களின் பிழைப்பும் அதன் கைக்கு வந்துவிடுகிறது. பெயருக்குப் பின்னால் அந்தச் சான்றிதழைக் குறிக்கும் சில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் பல இடங்களில் நேர்காணலுக்கே கூப்பிடுகிறார்கள். சந்தா வசூலிப்பதைப் போலவே சான்றிதழையும் ஒரு சங்க வேலையாக நினைக்கும் நிர்வாகக் குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

"உறுப்பினரானால்தான் தேர்வு எழுதலாம்" என்ற விதியை எடுத்துக்கொள்வோம். தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கென 2012இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 என்ற சர்வதேசத் தரநிலை, சங்க உறுப்பினராக இருப்பது போன்ற நிபந்தனைகளைக் காட்டிச் சான்றிதழை மறுக்கக் கூடாது என்கிறது. திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வை உறுப்பினர் அல்லாதவரும் எழுதலாம். உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு, அவ்வளவுதான். முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ போல உறுப்பினர் பொறுப்போடு பிணைந்த தகுதிகளும் உண்டு. அங்கே சந்தா நின்றால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் நின்றுவிடும். விண்ணப்பிப்பவர் பணம் கட்டுவதற்கு முன்பே இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, என்னை அதிகம் வருத்துவது: பரிந்துரைக் கடிதம். "மூத்த உறுப்பினர்கள் இருவரின் கையொப்பம் தேவை" என்ற வரி பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். உறவினரோ கல்லூரி சீனியரோ அந்தத் துறையில் இருப்பவருக்கு ஒரு போன் செய்தால் போதும். குடும்பத்தில் முதல் ஆளாக இந்தத் தொழிலுக்கு வருபவரும், ஊர் மாறி வந்தவரும், ஆண்களே நிறைந்த துறையில் நுழையும் பெண்ணும் அந்த இரண்டு கையொப்பங்களுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அனுபவத்தைச் சரிபார்க்க ஒருவர் சாட்சி சொல்வது நல்ல ஏற்பாடுதான். யாரையும் தெரியாதவருக்கு மாற்று வழியே வைக்காமல் விடுவதுதான் தவறு. தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கும் ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் அதை வழங்கும் அமைப்பே அந்தப் பொறுப்பை ஏற்கிறது. இந்த ஏற்பாட்டை எந்தச் சங்கமும் பின்பற்றலாம்.

தேர்வுக்கூடத்துக்கு வருவோம். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குக் கூடுதல் நேரமோ, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோ கொடுத்தால் தரம் குறைந்துவிடும் என்று இன்னும் வாதிடுகிறார்கள். அந்தத் தேர்வு வேகத்தை அளக்கிறதா, அறிவை அளக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கணக்குத் தணிக்கையிலோ பாதுகாப்பு ஆய்விலோ நிதானமாகப் படித்துச் சரியாகச் சொல்பவர்தானே வேண்டும்? வசதி தருகிறோம் என்று சொல்லிவிட்டு, மருத்துவச் சான்றைத் தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்பதும் மறுப்பதற்குச் சமம். விண்ணப்பப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கட்டும். வினாக்களின் மொழியையும் பார்க்க வேண்டும். இரட்டை எதிர்மறையில் சுற்றி வளைத்துக் கேட்ட கேள்வி, தொழில் தெரிந்தவரையும் மொழியில் தடுக்கி விழ வைக்கும்.

சான்றிதழைப் புதுப்பித்தலில் கவனம் இன்னும் குறைவு. பிஎம்பிக்கு மூன்று ஆண்டுகளில் 60 புள்ளிகள், சிஐஎஸ்எஸ்பிக்கு அதே காலத்தில் 120 என்று தொடர்கல்வி கேட்பது நியாயமே. ஆனால் அந்தப் புள்ளிகள் விலை உயர்ந்த மாநாட்டில் மட்டும் கிடைக்கும்படி ஒரு சங்கம் வைத்திருந்தால், மகப்பேறு விடுப்பில் இருப்பவரும் நோயுற்றவரைப் பார்த்துக்கொள்பவரும் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து உதிர்ந்துபோவார்கள். கால நீட்டிப்பும் இலவச இணைய வகுப்பும் பெரிய செலவில்லை.

"எங்கள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் தேர்வு சுலபம்" என்ற விளம்பரத்தையும் உடனே நிறுத்துங்கள். அப்படிச் சொல்வதையும், சொல்லாமல் உணர்த்துவதையும் அதே ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 தரநிலை தடை செய்கிறது.

மறுக்கப்பட்டவரின் மேல்முறையீட்டை, முதலில் மறுத்த அதே ஆட்களிடம் அனுப்பாதீர்கள். அந்த முடிவில் பங்கு இல்லாதவர்கள்தான் அதை விசாரிக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் காரணமும், யாருக்கு எழுத வேண்டும் என்பதும், அதற்கான கடைசித் தேதியும் இருக்க வேண்டும்.